பவுனம்மாளின் குறட்டை

குறைகேட்புக் குழுவில் இருந்த மூவரும் வெளியாட்கள். நகரசபையோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. புகார் கொடுத்த ஊழியர் தன் சார்பில் பேச உடன் வேலை பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவரலாம். நகரசபையின் தாமுவே கிளையில் தெருக் கூட்டும் பவுனம்மாள், அங்கேயே குப்பை வண்டி ஓட்டும் சுரேந்திரனைக் கூட்டிவந்திருந்தாள்.

"நீ பேசுனா கல்லும் கரையும் தம்பி. என்னை ஊருக்கு வெளிய அத்தாந்தொலைவு மாவ்பிக்குத் தூக்கியடிச்சா, படுக்கையில கெடக்கற மனுஷனுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

வேலை நேரத்தில் அவள் தூங்கினாள் என்று கிளை அதிகாரியிடம் சொன்னவனே சுரேந்திரன்தான். சொன்னான் என்றுகூட இல்லை, நடித்துக் காட்டினான். கணவனுக்காக இரவெல்லாம் விழித்தவள் ஒருநாள் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு கண்ணயர்ந்ததை, தேநீர்க் கடையில் அதிகாரி முன்னால், விசில் கலந்த குறட்டையோடு. அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுவாரம் அவளை மாவ்பிக்கு மாற்றி உத்தரவு போட்டார்.

குழுத் தலைவி ஆன்மேரி அம்மா, பர்மிய மரியாதையில் டோ ஆன்மேரி, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எதிரே இருப்பவர் வாயைத் திறக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இவங்க தூங்கினத நீங்க பாத்தீங்களா, சயா?" என்று அதிகாரியை மரியாதையாகக் கேட்டார்.

"ஒருத்தர் சொன்னாரு."

"யாரு?"

அதிகாரி சுரேந்திரனைப் பார்த்தார். பெயரைச் சொன்னால், அலுவலக நேரத்தில் தேநீர்க் கடையில் இருந்ததையும் சொல்லவேண்டும். "ஞாபகம் இல்ல," என்றார்.

சுரேந்திரன் எழுந்து தலைவியைப் பார்த்தான். "பேரில்லாத ஒருத்தன் பேச்ச நம்பி ஒரு குடும்பத்தப் பிரிக்கலாமா, சயாமா? நேருக்கு நேர் நிக்கத் துணிச்சலில்லாத பய அவன். சிரிப்புக்காக யாரையும் விப்பான்."

எதிரியை இவ்வளவு நெருக்கமாக அறிந்த வக்கீல் யாருக்கும் வாய்த்ததில்லை. மாற்றல் ரத்தானது.

"அப்ப மாவ்பியில காலியா இருக்கற எடத்துக்கு யாரு போறது?" என்றார் அதிகாரி.

சுரேந்திரனின் கை தானாக உயர்ந்தது. டோ ஆன்மேரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலைக்குள் தாமுவே முழுக்க அவன் தியாகி.

புறப்படும் நாள், பவுனம்மாள் டிபன் கேரியரில் மீன் குழம்போடு பஸ்ஸுக்கு வந்தாள். "போட்டுக் குடுத்தவன் நாசமாப் போவட்டும். நீ நல்லா இருக்கணும் சாமி."

"அக்கா, போட்டுக் குடுத்தது நான்தான்."

"உனக்கு எதுலயும் வெளையாட்டுத்தான்."

"சத்தியமாக்கா. இப்படித்தான் செஞ்சு காமிச்சேன்." டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு, விசிலும் குறட்டையுமாக எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான்.

பவுனம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போற நேரத்துலயும் என்னைச் சிரிக்க வெக்கறியே, ராசா," என்று அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.