இரண்டு கரண்டி சர்க்கரை

என் தங்கை நடைப்போட்டிக்காரி. வீட்டில் அவளைக் கொசு என்போம். இருபது கிலோமீட்டர், பத்துச் சுற்று. சுற்றுக்கு ஒருமுறை என் மேசையைத் தாண்டும்போது பாட்டிலைக் கையில் கொடுப்பது என் வேலை.

அளவை அவளே எழுதித் தந்திருந்தாள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, எவ்வளவு வியர்க்கிறது என்று கணக்குப் போட்டு, ஆறு மாதம் குடித்துப் பழகிய அளவு. ஒரு பாட்டில் தண்ணீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, இரண்டு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான்.

அன்றைய போட்டியில் முதல் மூன்று பேருக்குத்தான் தேசிய அணியில் இடம். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது.

காலையில் பார்த்தால் கன்னம் ஒட்டிப்போய் நிற்கிறாள். எனக்கு மனசு கேட்குமா? எல்லா பாட்டிலிலும் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரையை அள்ளிப் போட்டேன். எனக்கு எதிலும் அவசரம், பாசத்திலும் அப்படித்தான்.

நாலாவது சுற்றில் விலாவை அழுத்திக்கொண்டு ஐந்தாவது ஆளாக வந்தாள்.

"வயித்தைப் பிடிக்குதுக்கா. என்ன போட்டே?"

ஒண்ணுமில்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"சர்க்கரை ரெண்டு மடங்கு போட்டுட்டேன்டி. இதைக் குடிக்காதே, போ."

ஒரு வார்த்தை திட்டாமல் போய்விட்டாள். திட்டியிருக்கலாம் சனியன்.

அவள் திரும்பி வர ஒன்பதரை நிமிஷம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீதி பாட்டில்களில் பாதியைக் கொட்டினேன். போட்டி நடத்துகிறவர்கள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். உப்பும் பாதியாகிவிட்டதே! பக்கத்து மேசையில் நின்றவரின் மகள்தான் அப்போது மூன்றாவது. வெட்கத்தை விட்டு அவரிடமே உப்பு கேட்டேன். முறைத்தார், ஆனால் தந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டேன்.

"இப்ப உன் அளவுதான். கொஞ்சம் கொஞ்சமா குடி."

வாங்கிக் குடித்தாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டாவது சுற்றில் விலாவிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கடைசி நூறு மீட்டரில் மூன்றாவது ஆளானாள்.

பயிற்சியாளர் அணிப் படிவத்தோடு வந்தார். "அணி போற போட்டியில இவளுக்குப் பாட்டில் குடுக்க யாரை எழுதட்டும்?"

"என்னை விட்டுடுங்க சார். நான் அவ பொழப்பையே கெடுக்கப் பார்த்தவ."

கொசு தரையில் மல்லாந்து கிடந்தபடியே சொன்னாள்.

"அக்காவையே எழுதுங்க சார். வேற யாரா இருந்தாலும் நாலாவது சுத்துல என்கிட்ட பொய் சொல்லியிருப்பாங்க."