இருபத்திரண்டாவது நிமிடம்

கணவன் இறந்து நாற்பத்தாறு நாள் ஆகியும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது குடும்பத்தில் பெரிய குறையாகிவிட்டது. நாத்தனார் நேரில் ஒன்றும் சொல்லாமல், போனில் நாலு பேரிடம் கல்நெஞ்சக்காரி என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமியார் மட்டும் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள். சாப்பிட்டேன் என்பாள் இவள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பாள். நெஞ்சு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்று, அவன் குரல். போனில் இருந்த அவனுடைய வீடியோ ஒன்றைக்கூட அவள் திறக்கவில்லை. கேட்டால் உடைந்துபோவோம் என்பது பாதிப் பயம். கேட்டும் ஒன்றும் ஆகாமல் போய்விட்டால் என்பது மீதி.

மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். டிவியோடு இணைக்கும் ரிசீவர் பெட்டி செய்கிற கம்பெனி. அதில் சத்தத்துக்குக் கடிகாரம் உண்டாக்குவது இவள் பொறுப்பு. இது புரிவதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். கேபிளில் படம் வரும்போது அதன் கடிகாரமும் கூடவே வரும். சத்தத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு எண்களை அனுப்பி, நீயே செய்துகொள் என்று விட்டுவிடுவார்கள். பெட்டி படத்தின் கடிகாரத்தை ஒரு எண்ணால் பெருக்கி, மற்றதால் வகுத்து, சத்தத்தின் கடிகாரத்தைச் செய்துகொள்ளும். நடுவில் ஒரு சின்னத் தொட்டி மாதிரி இருக்கும். வருகிற சத்தம் அதில் சேரும், கடிகாரம் துடிக்கத் துடிக்க வெளியே போகும். கடிகாரம் மயிரிழை வேகமாக ஓடினாலும் தொட்டி ஒருநாள் வற்றும். வற்றினால் காதில் ‘டக்’ என்று விழும்.

புதுப் பெட்டியை முதலில் முப்பது வீடுகளுக்குப் பரீட்சைக்குக் கொடுத்திருந்தார்கள். முப்பது வீட்டிலும் ஒரே புகார்: இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு டக். வெள்ளிக்கிழமை நாற்பதாயிரம் பெட்டி கிளம்ப வேண்டும், அன்று வியாழன். சோதனை அறையிலோ வாரக்கணக்கில் ஓடியும் ஒரு டக்கும் இல்லை. மேலாளர் கையைப் பிசைந்தார்.

அவள் சோதனை அறைக்குள் போனாள். வேலைக்குத் திரும்பியதிலிருந்து அதுதான் முதல் தடவை. சோதனை செய்கிறவனுக்குக் கண்ணாடியின் கனத்தால் சோடா என்று பெயர். திரையில் வண்ணப்பட்டைகளும் பீப் சத்தமும் ஓடிக்கொண்டிருந்தன. பழைய பதிவு எங்கே என்று கேட்டாள். சோடா மேசையைப் பார்த்தான்.

பழைய பதிவு அவள் கணவன். அவனும் அங்கேதான் மின்சப்ளைப் பிரிவில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறை மத்தியானம் கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து, வினாடிக்கு ஒரு தட்டாக ஸ்டீல் ஸ்கேலை மேசையில் தட்டி, ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணினான். அப்படி அறுபது தடவை. உதடும் சத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல பதிவு கிடையாது. அன்றிலிருந்து ஆபீசில் அவன் பெயர் கடிகாரம், இவள் கடிகாரத்து வீட்டம்மா.

“நீங்க கதவத் தெறந்தா அவர் குரல் கேக்கும்லக்கா,” என்றான் சோடா. “அதான் மாத்திட்டோம்.”

யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. அதை ஓடவிட யாருக்கும் மனசு வரவில்லை, மாற்றிவிட்டார்கள். இவளிடம் எந்த வாயால் சொல்வார்கள்? புதுப் பதிவின் நீளம் பத்தே நிமிடம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும், ஒவ்வொரு தொடக்கத்திலும் தொட்டி புதிதாக நிரம்பும். பிறகு இருபத்திரண்டாவது நிமிடம் எங்கிருந்து வரும்? அவர்கள் இரக்கப்பட்டதில் குறை ஒளிந்துகொண்டது. அவள் கோபப்பட்டிருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. பழைய பதிவைப் போடு என்றாள்.

தானே கேட்கிறேன் என்று சோடா கெஞ்சினான். கடிகாரம் என் வேலை என்று சொல்லி அவனை வெளியே அனுப்பிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மூன்றாவது நிமிடம், பதினாலாவது வினாடியில் அவன் இருமினான். அவளுக்கு மனப்பாடமான இருமல். இருமிட்டேன், திரும்ப எடுக்கிறேன் என்று மறுநாள் அவன் சொன்னபோது, அந்த இடத்தைக் கேட்டுவிட்டு இவள்தான் தடுத்தாள். “விடுங்க, நல்லா கூர்மையா இருக்கு. அடையாளத்துக்கு ஆகும்.” இரண்டு வருஷமாக எந்தப் பெட்டியில் சத்தம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை அந்த இருமலை வைத்துத்தான் அளந்தாள்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் டக். குறித்துக்கொண்டாள். மனசில் ஒன்றும் அசையவில்லை.

பெட்டியின் கம்ப்யூட்டர் நிரலைத் திறந்ததும் தவறு பல்லை இளித்தது. வகுத்தபின் மிஞ்சுகிற துக்குணி மிச்சத்தை ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போட்டிருக்கிறது ஒரு வரி. வேலைக்குத் திரும்பிய வாரம் அவளே எழுதிய வரி. மிச்சத்தை அடுத்த வகுத்தலில் சேர்க்கும்படி மாற்றி, பெட்டியில் ஏற்றி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். டக் பின்னால் தள்ளிப்போயிருக்கலாம் என்பதால் இந்தத் தடவை முழு ஒரு மணி நேரமும் கேட்க வேண்டும். இதுவரை அரை மணிக்கு மேல் யாரும் கேட்டதில்லை. அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

இருபத்திரண்டாவது நிமிடம் டக் இல்லாமல் கடந்தது. முப்பதும் கடந்தது. முப்பத்துநாலில் அவன் இருமினான். முப்பத்தேழில் இருமினான். நாற்பத்தொன்றில் இரண்டு தடவை. முகத்தைத் திருப்பி, சட்டைக்கையால் வாயை அழுத்திக்கொண்டான், ஸ்கேல் மட்டும் ஒரு தட்டுக்கூடத் தவறவில்லை. ஐம்பதாவது நிமிடத்துக்கு மேல் எண்ணுகிற குரலில் மூச்சு இரைத்தது. அவனைக் கொண்டுபோன அந்த இருமலுக்காக அவர்கள் முதன்முதலாக டாக்டரிடம் போனது இந்தப் பதிவுக்குப் பதினாலு மாதம் கழித்து.

அவள் உடைந்துபோகவில்லை. ஆனால் வலித்தது. நாற்பத்தாறு நாளில் முதல் தடவையாக, சுளுக்கு மாதிரி ஒரே இடத்தில் வலித்தது.

ஒரு மணி நேரம் முடிந்ததும் சோடா கதவைக் கொஞ்சமாகத் திறந்தான்.

“டக் வந்துச்சாக்கா?”

“வரல. கடிகாரம் சரியா இருக்கு. நாளைக்கு அனுப்பலாம்னு சொல்லிரு.” குறிப்புத் தாளை நீட்டினாள். டக் என்ற கட்டம் காலியாக இருந்தது. ஓரத்தில் பென்சிலால் பதினொரு நேரங்களை வரிசையாக எழுதியிருந்தாள். இதெல்லாம் என்ன என்று கேட்டான் சோடா.

“பதினோரு தடவ இருமியிருக்கார். எனக்கு ஒண்ணுதான் தெரியும்.”

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அவள் பதிவை முப்பத்துநாலாவது நிமிடத்துக்கு நகர்த்தி, மறுபடி கேட்கத் தொடங்கினாள்.