ஏழாவது சாவு

மூட்டுவலி மாத்திரை ஒன்றை வைத்துப் பல ஊர்களில் நடந்த பதினான்கு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் வேலை, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆஞ்சலா இருந்த கம்பெனிக்கு வந்தது. அந்த மாத்திரை ஈரலைக் கெடுத்து ஆளைக் கொல்கிறதா என்பதுதான் கேள்வி. கொன்றாலும் ஐந்நூறு அறுநூறு பேரில் ஒருவரைத்தான் கொல்லும். ஓர் ஆய்வை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது கண்ணில் படாது.

ஆஞ்சலாவுக்கு ஐம்பத்தாறு வயது. காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். முப்பது வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள் என்பதற்காகவே இங்கே வேலை கொடுத்திருந்தார்கள்.

கணக்குப் போடுபவர் ஸ்ரீஹர்ஷா. நாற்பது வயதுக்காரர், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு பேர் ஈரல் போய்ச் செத்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் மாவு மாத்திரை கொடுத்த மறுபாதிப் பேரில் ஒருவர்.

"ஆறுக்கு ஒண்ணுன்னா பெரிய வித்தியாசமாத்தானே சார் இருக்கு?" என்று ஆஞ்சலா ஒருநாள் கேட்டாள்.

"பாக்கறதுக்கு அப்படித்தான் இருக்கும் மேடம். ஆனா மாத்திரை மேல எந்தத் தப்பும் இல்லேன்னாலும் சும்மா அதிர்ஷ்டத்துல இப்படி விழறதுக்கு நூத்துக்கு ஆறு சான்ஸ் இருக்கு. அஞ்சுக்குக் கீழ வந்தாத்தான் நாம வாயைத் திறக்கலாம்."

"இன்னொருத்தர் செத்திருந்தா?"

"ஏழுக்கு ஒண்ணா?" அவர் அப்போதே தட்டிப் பார்த்தார். "நூத்துக்கு மூணு. அப்புறம் மாத்திரை காலி." சிரித்தார்.

பதினான்கில் ஒன்பது ஆய்வுகளில் யாருமே சாகவில்லை. இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஒப்பிட ஒன்றுமில்லை என்று கணக்கு அவற்றைத் தானாகவே ஒதுக்கிவிடும். அந்த ஒன்பதில் ஒன்று சந்தாபுராவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒரு பெண் பாதியில் வராமல் நின்றுவிட்டாள். 'ஊரை விட்டுப் போய்விட்டார்' என்று எழுதியிருந்தது. காணாமல் போனவர்களைத் தேடினீர்களா என்று, இந்தக் கணக்கைக் கட்டுரையாக வெளியிடப்போகும் பத்திரிகைக்காக அதைச் சரிபார்த்தவர்கள் கேட்டிருந்ததால், தேடினோம் என்று எழுதுவதற்காக ஸ்ரீஹர்ஷா ஆஞ்சலாவை அனுப்பினார்.

விலாசம் சரியாகவே இருந்தது. கூட்ஸ் ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. கதவைத் திறந்தவர் முனிகிருஷ்ணன், அந்தப் பெண்ணின் கணவர்.

"ஜானகிங்கறது..." என்று ஆரம்பித்தாள் ஆஞ்சலா.

"செத்துப்போயி மூணு வருஷம் ஆவுது மேடம்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஆஞ்சலாவின் உள்ளே ஏதோ துள்ளியது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. ஏழு என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படிப் போனாங்க?"

"கண்ணு மஞ்சளாச்சு."

உட்காரச் சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். ஆய்வில் கொடுத்த அட்டை, அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. ஆஞ்சலா அட்டை எண்ணைத் தன் பட்டியலில் தேடினாள். மாவு மாத்திரை இல்லை, நிஜ மாத்திரை.

"உங்களை யாரும் கேக்கலியா?"

"ஒரு தபா போன் பண்ணாங்க. எதுக்கு ரத்தம் குடுக்க வரலேன்னு கன்னடத்துல கேட்டாங்க. 'ஹோக்பிட்லு சார்'னு சொன்னேன். போயிட்டான்னு. சரின்னு வெச்சுட்டாங்க."

அதைத்தான் ஊரை விட்டுப் போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறார்கள் என்று ஆஞ்சலா அவரிடம் சொன்னாள்.

"மொதல்லேருந்து சொல்லுங்க. எத்தனாவது நாள் வாந்தி வந்தது?"

அவர் சொன்னார். ஆஞ்சலா விடவில்லை. வாந்தி என்ன நிறம், மூத்திரம் என்ன நிறம், ஆளை அடையாளம் தெரியாமல் உளற ஆரம்பித்தது எந்தக் கிழமை, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா, குடிப்பழக்கம் உண்டா. கடைசிக் கேள்விக்கு அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கடைசி நாளைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்து நின்றுவிட்டார். ஆஞ்சலா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பிறகு, "காலையிலயா, சாயங்காலமா?" என்று கேட்டாள்.

"சாயங்காலம்."

எழுதிக்கொண்டாள். கையெழுத்து வாங்கினாள். வாசலில் அவர் கேட்டார்: "இதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்?"

"அவங்களைக் கணக்குல சேர்க்கறதுக்குத்தான். அவங்க ஒருத்தரைச் சேர்த்தா அந்த மாத்திரையை நிறுத்திடலாம்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அப்போதுதான் அவர் அழுதார். என் பொண்ணு நர்சிங் படிக்கிறா, அவகிட்ட சொல்லணும், புஸ்தகத்துல வந்ததும் எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடுங்க என்றார்.

மறுநாள் ஸ்ரீஹர்ஷா காகிதங்களை இரண்டு முறை படித்தார். எண்ணை மாற்றித் தட்டினார். நூற்றுக்கு மூன்று என்று திரையில் வந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எக்ஸலென்ட் ஒர்க், ஆஞ்சலா மேடம்" என்றார். அன்றைக்கு அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்தாள். கால் வலிக்கவில்லை.

வியாழக்கிழமை அவளை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவப் பிரிவின் தலைவி நிருபமா, பழைய மைசூர் உத்தியோகக் குடும்பத்துப் பெண், நாற்காலியை இழுத்துப் போட்டு ஆஞ்சலாவை உட்காரவைத்தாள்.

"ரொம்பப் பெரிய விஷயம் கண்டுபிடிச்சிருக்கீங்க. இத்தனை வருஷம் யாருமே பாக்கலை" என்றாள். "ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒரு சாவையே தவறவிட்ட ஆஸ்பத்திரி. மிச்சம் இருநூத்திப் பதினோரு பேரைப் பத்தி அவங்க எழுதினதை மட்டும் எப்படி நம்பறது?"

"அந்தம்மா செத்தது நிஜம்தானே? சர்டிஃபிகேட் இருக்கே!"

"அதை யாரும் இல்லேங்கலையே. ஆய்வோட தரம்தான் பிரச்சினை. தரமில்லாத ஆய்வை முழுசா எடுத்துடணும்னு நம்ம திட்டத்துலயே எழுதியிருக்கு."

ஆஞ்சலா ஸ்ரீஹர்ஷாவைத் திரும்பிப் பார்த்தாள். "சார், மத்த பதிமூணு ஆய்வுலயும் இப்படிப் போய்த் தேடினோமா?"

"அதெல்லாம் வெளியூர், வெளிநாடு மேடம். எப்படிப் போறது?"

"அப்ப இங்க போய்ப் பார்த்ததுதான் தப்பா?"

அவர் ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். சந்தாபுரா ஆய்வில் ஒரு மரணம் பதிவாகவில்லை, நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது, ஆகவே ஆய்வின் தரம் திருப்தியாக இல்லை என்று அதில் இருந்தது. கீழே அவள் பெயர் அச்சாகியிருந்தது.

"நான் ஏன் போடணும்?"

"நேர்ல பார்த்தது நீங்க ஒருத்தர்தான். இதுல ஏதாவது பொய் இருக்கா, சொல்லுங்க. மாத்திடறேன்" என்றார் ஸ்ரீஹர்ஷா, மிகவும் மரியாதையாக.

ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு பொய்யும் இல்லை. நிருபமா பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். ஆஞ்சலா கையெழுத்துப் போட்டாள்.

கட்டுரை ஐந்து மாதத்தில் வெளிவந்தது. ஆறுக்கு ஒன்று. மாத்திரையால் ஈரல் மரணம் கூடுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. முனிகிருஷ்ணன் மாதம் ஒரு முறை போன் செய்துகொண்டிருந்தார். "வந்துதா மேடம்?" வந்துவிட்டது என்று சொன்னவளால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் சந்தோஷப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார்.

சர்ச்சில் பூசை முடிந்து, அச்செடுத்த காகிதங்களோடு போனாள். பிரியாணி செய்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முனிகிருஷ்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டினார்.

"இதுல எங்க மேடம் அவ இருக்கா?"

எழுந்து போய்விடலாமா என்று ஆஞ்சலாவுக்குத் தோன்றியது. அட்டவணையில் ஆறு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தாள். "இதுல" என்றாள்.

அவர் அந்த எண்ணைத் தடவினார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காட்டினார். "நம்ம ஜானகி. உலகம் பூரா படிப்பாங்க."

மகள் ஷில்பா அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். படிக்கத் தெரிந்த பெண். கடைசிப் பக்கம்வரை போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, நீக்கப்பட்ட ஆய்வுகள்னு போட்டிருக்கே. சந்தாபுரா, இருநூத்திப் பன்னெண்டு பேர். இது எங்கம்மா போன இடம்தானே?"



"என்னம்மா?" என்றார் முனிகிருஷ்ணன்.

"அம்மா இதுல இல்லப்பா. அந்த ஆறு பேர் வேற யாரோ. அம்மா செத்ததை எழுதாம விட்டுட்டாங்கன்னு அந்த ஆஸ்பத்திரியையே எடுத்துட்டாங்க."

"அப்ப மாத்திரை?"

"ஆதாரம் போதலேன்னு போட்டிருக்கு. இனியும் விப்பாங்க."

அவர் ஆஞ்சலாவைப் பார்த்தார். "நான் உங்ககிட்ட சொன்னதாலயா மேடம்? ஊரை விட்டுப் போயிட்டான்னே விட்டிருந்தா நல்லாருந்திருக்குமா?"

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஆஞ்சலா உண்மையைச் சொன்னாள். "இல்லீங்க. அப்பவும் சேர்த்திருக்க மாட்டாங்க. யாரும் சாகாத ஆய்வு அந்தக் கணக்குல வராது."

"சாகலேன்னாலும் சேர்க்க மாட்டீங்க, செத்தாலும் சேர்க்க மாட்டீங்களா?" என்று ஷில்பா கேட்டாள். "அப்புறம் எதுக்கு எங்கப்பாவை உக்கார வெச்சு வாந்தி என்ன கலருன்னு கேட்டீங்க? அன்னிலேருந்து ராத்திரி தூங்கறதில்ல அவரு."

பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். தட்டில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஆஞ்சலா அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை.

முனிகிருஷ்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை கூடவே வந்தார். பஸ் வந்ததும், "இனிமே இந்தப் பக்கம் வராதீங்க மேடம்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். அவள் ஏறும்வரை நின்றிருந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த மாதம் சர்க்கரை நோய் மாத்திரை ஒன்றைப் பற்றிய வேலை வந்தது. பட்டியலில் காணாமல் போனவர்கள் பன்னிரண்டு பேர். ஏழு பேர் பெங்களூரிலேயே இருந்தார்கள், பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடலாம். ஆஞ்சலா ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு முறை போன் செய்தாள். எடுக்காதவர்களுக்கு நேரே 'தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று எழுதி, அன்று மாலையே ஸ்ரீஹர்ஷாவின் மேஜையில் வைத்தாள்.