கக்கூஸ் சாவி

காலை ஆறு மணிக்கு வந்து நின்ற பிரமிளா பத்தரைக்கும் அதே இடத்தில்தான் நின்றாள். பங்காருபாளையம் மாம்பழக்கூழ் ஆலையில் பழம் ஓடும் பெல்ட் நிற்காது. அழுகலைப் பொறுக்குகிறவளும் நகர முடியாது. அடிவயிறு எரிந்தது. மூத்திரத்தை அடக்காதே, தண்ணீர் நிறையக் குடி என்று சித்தூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். குடித்தால் போகவேண்டும். சாவி சூப்பர்வைசர் கிரண்குமாரிடம். ஒரு மணிக்குத்தான் திறப்பான்.

அன்று கக்கூஸ் கதவில் பூட்டு இல்லை. உள்ளே புதுச் சோப்பு, துண்டு. கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய மேடம் சென்னையிலிருந்து வருகிறார். அவர் பார்த்துவிட்டுப் போகும்வரை ஒருத்தியும் உள்ளே போய் அழுக்குப் பண்ணக்கூடாது என்றான் கிரண்குமார். மேடம் எது கேட்டாலும் "உந்தி", இருக்கிறது என்று தெலுங்கில் சொல்லவேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தான்.

"என் வூட்டுக்காரனுக்குப் புத்தி கீதான்னு கேட்டாலும் உந்திதானா?" என்றாள் பக்கத்தில் நின்ற வெங்கடம்மா.

வந்த மேடம் பிரமிளாவைத்தான் கூப்பிட்டார். ஆபீஸ் அறைக் கதவைச் சாத்தித் தமிழிலேயே பேசினார். வேலை செய்கிறவர்களுக்கென்று உலக நாடுகள் கூடி எழுதிய உரிமை இருக்கிறது, நம் நாட்டுச் சட்டத்திலும் வந்துவிட்டது, பெயர் வெளியே போகாது என்றார். நினைத்த நேரத்தில் கக்கூஸ் போக விடுகிறார்களா என்று கேட்டார்.

பிரமிளா கதவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பூட்டி வெச்சிக்கினு கீறாங்க மேடம். நான் தண்ணியே குடிக்கிறதில்ல. இப்பகூட முட்டிக்கினு நிக்குது."

மேடம் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். "அடக்காதீங்கம்மா, வாங்க." நல்ல மனுஷிதான். கைப்பிடித்து, பெல்ட்டைத் தாண்டி, கிரண்குமாரை விலகச் சொல்லி, கக்கூஸ் வாசல்வரை கூட்டிப் போனார். நாற்பது பெண்களும் பார்த்தார்கள்.

மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் தங்கவேலு அவளை நிறுத்தினான். இன்றைக்கு ஆள் போதுமாம்.

"என் பேரை யாருண்ணா சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. நீ போனதைத்தான் எல்லாரும் பாத்தாங்களே."

மேடம் தந்த போன் நம்பருக்கு இரண்டு முறை அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தாள். கக்கூஸ் கதவு அகலத் திறந்திருந்தது. வாசலை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் ஒரு நோட்டும் பேனாவுமாகக் கிரண்குமார் உட்கார்ந்திருந்தான். வெங்கடம்மா பெல்ட் அருகில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.