பெரியப்பாவின் பயண ஜெபம்

ஜேசுபாதம் பெரியப்பா ஜெபிக்க ஆரம்பித்தால் அது திருச்செந்தூர் பாசஞ்சர் மாதிரி, ஒரு ஸ்டேஷனையும் விடாது. ஆதாமில் புறப்படும், நோவாவிடம் நிற்கும், ஆபிரகாம் வீட்டில் தண்ணீர் குடிக்கும். நாசரேத் ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. தெரிந்திருந்தும், நீட் பரீட்சைக்குப் புறப்படும் ஈவாஞ்சலினுக்குப் பயண ஜெபம் செய்ய அவரைத்தான் கூப்பிட்டிருந்தார் அவள் அப்பா கிருபாகரன். கூடப்பிறந்த அண்ணனை விட்டுவிட்டு வேறு யாரைக் கூப்பிடுவது?

பாடமெல்லாம் ஈவாஞ்சலினுக்குத் தண்ணீர் பட்ட பாடுதான். ஆனால் போன வருஷம் பரீட்சை ஹாலில் பயத்தில் கை நடுங்கி, தெரிந்த கேள்விகூட மறந்து, பாதி விடைத்தாளை வெறுமையாக விட்டுவிட்டு வந்தவள். இந்தத் தடவையும் போச்சென்றால் பி.காம்.தான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். தூத்துக்குடி சென்டரிலோ ஒன்றரை மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு கலெக்டர் மகளே வந்து நின்றாலும் உள்ளே விடமாட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சொந்தபந்தமெல்லாம் வீட்டுக்கு வந்து காபி குடித்து, ஜெபம் தொடங்கும்போதே பதினொன்றரை ஆகிவிட்டது. அவள் முழங்காலில் நின்றாள். பெரியப்பாவின் கனத்த கை அவள் தலையில் உட்கார்ந்தது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது பெரியப்பா அப்போதுதான் யோசேப்பைக் குழியில் போட்டிருந்தார். இனி அவனை வெளியே எடுத்து, எகிப்துக்கு அனுப்பி, பஞ்சம் தீர்த்து... ஐயோ, கர்த்தாவே!

அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். எதிரே அம்மா இன்பமணிக்கு இரண்டு கண்ணுமே திறந்திருந்தன! யார்? ஜெபத்தில் கண் திறக்கிற பிள்ளைகளின் காதைத் திருகும் ஞாயிறு பள்ளி டீச்சர்! அம்மா சத்தமில்லாமல் எழுந்து வந்தாள். சூடான இட்லிச் சட்டி மூடியைத் தூக்குவதுபோல் பெரியப்பாவின் கையை மெல்லத் தூக்கி, பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அப்பாவின் வழுக்கைத் தலையில் வைத்தாள். பெரியப்பா எகிப்தில் இருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா திடுக்கிட்டு விழித்தார். மகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். போ, போ என்று விரலை ஆட்டிவிட்டு, அந்தக் கைக்கு அடியில் அசையாமல் இருந்துகொண்டார். மகராசன்!

வெளியே வந்தால் இன்னொரு கூத்து. இவர்கள் காரை மறித்துக்கொண்டு பெரியப்பாவின் கார் நின்றது. சாவி அவர் சட்டைப் பையில்.

"ஏறுளா ஸ்கூட்டில" என்றாள் அம்மா.

"தூத்துக்குடிக்கா? நீங்க கடைத்தெருவத் தாண்டி ஓட்டுனதே இல்லையேம்மா!"

"இன்னைக்கு ஓட்டுதேன். வாயப் பொத்திட்டு ஏறு."

இருபதுக்கு மேல் போகாத அம்மா அன்றைக்கு அறுபதில் பறந்தாள். உப்பு லாரியை முந்தும்போது "யேசுவே, ரட்சியும்!" என்று அலறினாள். ஆனால் பிரேக்கைத் தொடவில்லை.

பழையகாயல் பக்கம் அம்மாவின் போன் அடித்தது. ஈவாஞ்சலின் எடுத்தாள். அப்பாதான், குசுகுசுவென்று பேசினார்.

"ஏளா, எங்கன இருக்கிய?"

"பழையகாயல்ப்பா. ஜெபம் முடிஞ்சிட்டா?"

"எங்க முடிய? இப்பதான் செங்கடலு பிளக்கு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அம்மாவும் சிரிக்க, ஸ்கூட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"சிரிக்க வைக்காதளா, ரெண்டு பேரும் உப்பளத்துலதான் கெடப்போம்!"

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கேட்டின் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டார்கள். மறுபக்கம் வழியாக அவள் பாய்ந்தாள். சோதனை போட்ட பெண் போலீஸ், "பரீட்சைக்கு இப்படிச் சிரிச்சிட்டு வார பிள்ளைய இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

கேள்வித்தாள் வந்தது. பயம் இப்போது வரும், இப்போது வரும் என்று ஈவாஞ்சலின் காத்திருந்தாள். வரவில்லை. செங்கடல்தான் வந்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

ஐந்து மணிக்கு வெளியே வந்தால் அம்மா, அப்பா, அவர்களுக்குப் பின்னால் பெரியப்பா. அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாப்பா, ஆமேன்னு கண்ணத் தொறந்தா என் கையி இவன் வழுக்கையில கெடக்கு. உனக்குச் செஞ்ச ஜெபமெல்லாம் இவனுக்குல்லா போயிட்டு!" என்றார். பாவம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோமே என்று மனுஷன் நிஜமாகவே தவித்துப்போயிருந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை நடுங்கவே இல்ல பெரியப்பா. தெரிஞ்சது ஒண்ணக்கூட விடல."

பெரியப்பா கண்ணை மூடினார். மற்ற மூன்று பேருக்கும் பகீரென்றது. கேட் வாசலில், இந்த வெயிலில், மறுபடியும் ஆதாமிலிருந்தா?

"ஸ்தோத்திரம்" என்றார் பெரியப்பா. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதற்குமேல் அவருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.