ஞாயிற்றுக்கிழமை திரளாத புரதம்

உதவியாளர் சாஹித்யா செய்தால் புரதம் திரண்டது. ஜம்புநாதன் செய்தால் திரளவில்லை. மல்லாபூர் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜம்புநாதனுக்குச் சந்தேகப்பட இது தாராளம். வீட்டு ரசத்தையே இரண்டு கிண்ணத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துச் சாப்பிடுகிற ஆள்.

சோதனை என்னவோ எளிதுதான். கரைசலில் சாயம் கலந்து கருவியில் வைத்துவிட வேண்டும். புரதம் திரண்டால் சாயம் ஒளிரும், திரையில் கோடு ஏறும். அவளுக்கு மத்தியானத்துக்குள் ஏறியது. யாரும் கைவைத்துவிடக் கூடாதென்று அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வந்து செய்தார். கோடு படுத்தே கிடந்தது.

"எதையாவது கலக்கறியா?"

"எதுக்கு சார் நான் கலக்கணும்? வேலை நாள்ல வந்து பக்கத்துல உட்கார்ந்து பாருங்க."

"உட்கார்ந்தா என் கண்ணைக் கட்டிடுவே."

அந்த ஞாயிறும் செய்தார். கருவியை ஓடவிட்டுக் கதவைப் பூட்டி, டேப் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, தம்மிடம் மிச்சமிருந்த சொற்ப முடியில் ஒன்றைப் பிடுங்கி அதன்மேல் ஒட்டினார். சாஹித்யாவை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் மின்னஞ்சல் தயார். திங்கட்கிழமை அனுப்ப வேண்டியதுதான்.

திங்கள் காலை டேப் அப்படியே இருந்தது, முடியும் இருந்தது. அவளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். ஞாயிறு முழுக்கக் கோடு தரையில்.

"பாத்துக்கோ."

அப்போது பக்கத்து நடேசன் பட்டறையில் இரும்பு அடிக்கும் பெரிய சுத்தியல் அந்த வாரத்தின் முதல் அடியைப் போட்டது. அது அடிக்கும் நாளில் எதிர் டீக்கடையில் சர்க்கரை கலக்க ஸ்பூன் வேண்டாம் என்று மல்லாபூரே சத்தியம் செய்யும். ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை.

தரை அதிர்ந்தது. மேசை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கோடு மெல்லத் தலைதூக்கியது.

"சார், நான் கையைக் கட்டிட்டுதான் நிக்கறேன்."

"தெரியறது."

"உலுக்கினா புரதம் சீக்கிரம் திரளும் சார். இத்தனை நாளா உலுக்கினது நான் இல்லே, அவங்க."

மத்தியானம் வரை நாற்காலியை விட்டு அவர் எழவில்லை. கோடு உச்சிக்குப் போனதும் மின்னஞ்சலை அழித்தார். அவளுடைய அறிக்கையை எடுத்து, கருவிகள் என்ற இடத்தில் 'நடேசன் பட்டறைச் சுத்தியல்' என்று சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்க சார்."

"சிரிக்கட்டும். சுத்தியல் இல்லாம அவாளுக்கு எப்படி வர்றதுன்னு பார்க்கறேன்."

அவள் அறிக்கையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"சாஹித்யா, ஒரு நிமிஷம். இந்த நடேசனை உனக்கு முன்னாடியே தெரியுமோ?"