நாலடிக் கடல்

கடலை அசைக்க வல்லவர்கள் இந்த உலகில் இரண்டே பேர். ஒருவர் சந்திரன். இன்னொருவர் பல் டாக்டர். இதைச் சொன்னவரும் பல் டாக்டர்தான். கடல் என்று அவர் சொன்னது, அவர் வீட்டுக் கூடத்தில் செருப்பு அலமாரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே நாலடி நீளத்துக்கு நின்ற கண்ணாடித் தொட்டியை.

உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், ஏழெட்டுப் பவளங்கள், நான்கு மீன்கள், ஓரமாக அலை எழுப்பும் ஒரு பம்ப். இரவு தொட்டி விளக்கு அணைந்து நீல பல்பு மட்டும் எரியும்போது, டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் விரலால் தள்ளித் தள்ளி நீரோட்டத்தைக் கூட்டுவார், குறைப்பார். இருட்டில்தான் பவளங்கள் தங்கள் குட்டி விரல்களை நீட்டி இரை தேடும். அந்த நேரத்தில் தண்ணீரை எந்த வேகத்தில் அனுப்புவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது என்பது அவர் கட்சி.

"பாரு, நாப்பதுக்கு வந்ததும் எப்படித் தலையாட்டுது."

"முப்பதுலயும் அப்படித்தாங்க ஆட்டுச்சு," என்பாள் துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவி.

"அதைப் பார்க்க ஒரு கண்ணு வேணும்."

பகல் முழுவதும் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். மறுபேச்சு அவர் காதுக்கு ஒத்துவராது.

அவருக்கு உறுத்தலாக இருந்தது ஒரே ஒரு ஆள், சகலை. சோபாக் கடை வைத்திருந்த சகலை, ஆறு மாதத்துக்கு முன் டாக்டரைப் பார்த்துத் தானும் ஒரு தொட்டி வாங்கினார். அதே கம்பெனி பம்ப். டாக்டரே பெரிய மனசு பண்ணிப் போய் அதைப் பொருத்தி, இன்டர்நெட் வழியாகத் தன் போனிலேயே இணைத்து ஓட்டிக் காட்டினார். "இந்தக் கூட்டறது குறைக்கறதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது சகலை. ஒரே வேகத்துல ஓடட்டும், கை வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். சகலை சொன்ன பேச்சைக் கேட்டார், கை வைக்கவில்லை. ஆனால் அவர் வீட்டுப் பவளங்கள் காலிஃப்ளவர் மாதிரி பொங்கிக்கொண்டு வளர்ந்தன. டாக்டர் வீட்டில் இருந்தவை வாங்கிய அன்றைய அளவிலேயே அடக்கமாக இருந்தன.

"நான் என்னத்த பண்றேன் அண்ணே, போத்திக்கிட்டுத் தூங்கறேன்," என்பார் சகலை.

"வேகமா வளர்றதெல்லாம் பலமில்ல," என்பார் டாக்டர். "என்னோடது உள்ளுக்குள்ள வளருது."

பவளத் தொட்டிச் சங்கத்தில் மொத்தம் பத்தொன்பது பேர். தலைவர் பதவி விலகப் போகிறார் என்று தெரிந்ததும் டாக்டர் தன் கிளினிக் பலகையில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டார். இருந்தது. ஆனால் சங்கத்தில் சிலர், "சகலை தொட்டியைப் பார்த்தீங்களா?" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். எனவே தலைவரும், பொருளாளரான மருந்துக்கடைக்காரரும் ஒரு நாள் ராத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்து அவருடைய இரவு ஓட்ட முறையை நேரில் பார்ப்பது, பார்த்துத் திருப்தியானால் பதவி டாக்டருக்கு, இல்லாவிட்டால் சகலைக்கு என்று முடிவாயிற்று.

வந்தார்கள். சகலை கடையில் வாங்கிய சோபாவில் உட்கார்ந்தார்கள். டாக்டர் கூடத்து விளக்கை அணைத்தார்.

"இப்ப இருபது. கடல் தூங்குது."

பவளங்கள் மெல்ல ஆடின.

"இது எழுபது. காத்து கிளம்பிடுச்சு."

பவளங்கள் மெல்ல ஆடின. மருந்துக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிந்தார். தலைவர் "ஆகா" என்றார். மருந்துக்கடைக்காரரும் உடனே நிமிர்ந்து, "ஆமா, ஆமா," என்றார். தலைவரின் மூக்குக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்ததை டாக்டர் கவனித்தார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நூறு," என்றார் டாக்டர் அடித்தொண்டையில். "இதுதான் புயல். அந்த மஞ்சள் மீன் தடுமாறுது பாருங்க."

மஞ்சள் மீன் பாறை இடுக்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

சமையலறையில் மனைவியின் போன் அடித்தது. மறுமுனையில் அவள் தங்கை, சகலையின் மனைவி.

"அக்கா, எங்க தொட்டிக்குப் பேய் பிடிச்சிருக்கு. தண்ணி துள்ளித் துள்ளித் தரையெல்லாம் ஊத்துது. இவரு சோபா மேல ஏறி நின்னுக்கிட்டு என்னைத் துடைக்கச் சொல்றாரு."

மனைவி போனும் கையுமாகக் கூடத்து வாசலுக்கு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். கணவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"என்னங்க, கொஞ்சம் குறைங்க."

"இப்பவா? புயல் உச்சத்துல இருக்கு."

"குறைங்களேன்."

டாக்டர் இருபதுக்கு இறக்கினார். மனைவி போனில், "இப்ப?" என்றாள்.

"நின்னுடுச்சு அக்கா."

"ஏத்துங்க," என்றாள் கணவனிடம்.

"எதுக்கு?"

"சும்மா. ஒரே ஒரு தடவை."

ஏற்றினார். மனைவி தன் போனை அவர் காதருகே வைத்தாள்.

"ஐயோ, மறுபடியும் வந்துடுச்சு அக்கா."

டாக்டருக்குக் காது மடல் சுட்டது. ஒரு நேரத்தில் ஒரு பம்பைத்தான் போன் நினைவில் வைத்துக்கொள்ளும். சகலையின் பம்பை இணைத்த அன்றே அது டாக்டரின் பம்பை மறந்துவிட்டது. அதைத் திரும்ப இணைக்க டாக்டர் மறந்துவிட்டார். ஆறு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அவர் பார்த்துப் பார்த்து அனுப்பிய அலையெல்லாம் சகலை வீட்டுக்குப் போயிருக்கிறது. வேகத்தை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"யாரும்மா போன்ல?" என்றார் தலைவர்.

"என் தங்கச்சிங்க. அவங்க வீட்லயும் இவரோட முறைதான். ரொம்ப நல்லா வேலை செய்யுதாம்."

டாக்டர் வாயைத் திறந்தார். அவரிடம் வருகிறவர்கள் திறப்பது போலவே திறந்து வைத்திருந்தார்.

"அப்ப அந்தத் தொட்டியும் உங்க கைவண்ணம்தானா," என்று தலைவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இனிமே பேச என்ன இருக்கு? எழுபதுலேர்ந்து நூறுக்குப் போனீங்க பாருங்க, எனக்கே தலை சுத்திடுச்சு."

"எனக்கும்தான்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவர்கள் போன பிறகு கூடத்தில் விளக்கு எரிந்தது. "கடலை அசைக்கிற சந்திரன் சார், ஒரு பழைய துண்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க," என்றாள் மனைவி. "அங்க தங்கச்சி தனியா துடைச்சுக்கிட்டு இருக்கா."

"அப்ப நம்ம பம்ப் எந்த வேகத்துல ஓடுது?"

"குனிஞ்சு பாருங்க."

டாக்டர் மண்டியிட்டு, தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் திறந்து, உப்பு மூட்டையை நகர்த்தினார். பின்னால் பம்பின் சிறிய கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் முப்பது என்று எரிந்துகொண்டிருந்தது. போன் மறந்த அன்றே அது, வாங்கும்போது கடைக்காரர் வைத்துக் கொடுத்த வேகத்துக்குத் திரும்பியிருந்தது.